நியூ ஜெர்சியிலிருந்து வெளிமாநில அரசுப் பல்கலைகள்: ஒன்பதும் ரீச் என்கிறார் கவுன்சலர், இது சரியா?

எடிசன்வாசி · செப்டம்பர் 7, 2025, இரவு 11.20

வணக்கம். பல நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறாள். வெயிட் போடாத ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி) 3.9, எஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு) 1510, ஏபி பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) ஒன்பது, பள்ளி ரோபாட்டிக்ஸ் அணியில் மூன்று வருடம். தனியார் காலேஜ் விலையைப் பார்த்ததுமே அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். அரசுப் பல்கலைக்கழகம்தானே, ஆயிரக்கணக்கில் சீட் இருக்கும், கட்டணமும் குறைவாக இருக்கும் என்று நானே உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன்: மிச்சிகன், சேப்பல் ஹில், வர்ஜீனியா, ஆஸ்டின், பெர்க்லி, யூசிஎல்ஏ, ஜார்ஜியா டெக், சியாட்டிலில் வாஷிங்டன், இல்லினாய். கூடவே எங்கள் மாநிலத்தின் ரட்கர்ஸ்.

வெள்ளிக்கிழமை பள்ளிக் கவுன்சலரிடம் காட்டினோம். மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். பென்சிலை எடுத்து ரட்கர்ஸுக்கு மேலே ஒரு கோடு கிழித்து, "இதற்கு மேலே இருப்பதெல்லாம் ரீச்" என்றார், அதாவது இடம் கிடைப்பது கஷ்டம். ஒன்பதுமா? போன வருடம் எங்கள் தெருப் பையன் ஒருவன், கிட்டத்தட்ட இதே மார்க், இந்தப் பட்டியலில் உள்ள ஓர் இடத்தில்தான் சேர்ந்தான். கவுன்சலர் பயமுறுத்துகிறாரா, நான்தான் புரியாமல் இருக்கிறேனா?

சும்மாவந்தவன் · செப்டம்பர் 7, இரவு 11.41

உங்கள் கவுன்சலர் இரக்கமுள்ளவர். எங்களுடையவர் கோட்டை ரட்கர்ஸுக்குக் கீழே கிழித்திருப்பார்.

ஆஸ்டின் அக்கா · செப்டம்பர் 8, காலை 7.15

தம்பி, பயமுறுத்தவில்லை. எங்கள் ஊர்க் கணக்கை மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

ஆஸ்டினில் முதலாமாண்டு இடங்களில் 90 சதவீதம் டெக்சஸ் பிள்ளைகளுக்கு. இது பல்கலைக்கழகத்தின் விருப்பம் இல்லை, மாநிலச் சட்டம். அந்த 90க்குள்ளும் முக்கால் பங்கு ஆட்டோமேட்டிக் அட்மிஷன், அதாவது தன் பள்ளியில் முதல் சில சதவீதத்துக்குள் வந்தாலே இடம். 1997இல் சட்டம் வந்தபோது அது முதல் 10 சதவீதம். கூட்டம் தாங்கவில்லை என்று 2009இல் முக்கால் பங்கு வரம்பு வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பத்து ஏழாகி, ஆறாகி, 2026 இலையுதிர் காலத்தில் சேர்பவர்களுக்கு ஐந்து ஆகிவிட்டது.

இப்போது உங்கள் மகள் எங்கே வருகிறாள் என்று பாருங்கள். ஒன்பதாயிரம் பேர் சேரும் வகுப்பு என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மிச்சம் தொள்ளாயிரம் இடம். அதில்தான் மற்ற 49 மாநிலமும் வெளிநாடும். அதையும் எல்லா மேஜருக்கும் (முதன்மைப் பாடம்) பிரிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்காக உள்ளே வந்த டெக்சஸ் பிள்ளைகளுக்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதி கிடையாது. என் பெரிய மகனின் வகுப்புத் தோழன் முதல் ஐந்துக்குள் இருந்தும் கேட்ட மேஜர் கிடைக்காமல் வேறு ஊருக்குப் போனான்.

சட்டத்தின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. 1996இல் நீதிமன்றம் இன அடிப்படையைப் பார்க்கக் கூடாது என்று சொன்ன பிறகு, மேற்கு டெக்சஸ் சின்ன ஊர்ப் பள்ளிகளிலிருந்தும் ஆட்கள் வர ஒரு வழி வேண்டும் என்றுதான் இதைக் கொண்டுவந்தார்கள். வேலையும் செய்கிறது. வெளியிலிருந்து வருபவருக்குத்தான் வாசல் குறுகல்.

கரோலினா முத்து · செப்டம்பர் 8, மதியம் 12.50

அக்கா சொன்னதோடு எங்கள் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாமாண்டில் வெளிமாநிலத்தவர் 18 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 1986இலிருந்து இதுதான் விதி. தாண்டினால் பல்கலைக்கழகத்தின் பட்ஜெட்டில் கை வைப்பார்கள், அதனால் யாரும் விளையாட மாட்டார்கள். 4,500 பேர் வகுப்பு என்றால் 810 இடம். விளையாட்டு வீரர்கள், ஸ்காலர்ஷிப்புக்குத் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாம் போக உங்கள் மகளுக்கு நிற்க எவ்வளவு இடம் என்று நீங்களே பாருங்கள்.

உள்ளூர்க்காரனாக எனக்கு இது சௌகரியம், மறைக்க ஒன்றும் இல்லை.

எடிசன்வாசி · செப்டம்பர் 8, இரவு 9.05

இருவருக்கும் நன்றி. ஆனால் கேட்கிறேன் என்று கோபப்படாதீர்கள், இது எப்படி நியாயம்? ஆராய்ச்சிக்கு மத்திய அரசுப் பணம், மாணவர் கடனுக்கு மத்திய அரசுப் பணம். நானும்தான் வரி கட்டுகிறேன். என் மகள் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்திருந்தால் வேறு கதை என்றால், அது பிறந்த இடத்தை வைத்துப் பிரிப்பதுதானே?

கரோலினா முத்து · செப்டம்பர் 8, இரவு 10.30

கோபம் இல்லை சார். நான் பார்க்கும் விதம் வேறு.

எங்கள் மாநில அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயன், முடிந்த வரைக்கும், மாநில மக்களுக்குச் செலவில்லாமல் கிடைக்க வேண்டும் என்று. 1795இல் முதல் மாணவன் வந்து சேர்ந்த இடம் அது. கட்டடம், வாத்தியார் சம்பளம், வகுப்பு நடத்தும் செலவில் பெரும் பங்கு இந்த மாநிலத்து வரி. புகையிலை விளைந்த நிலத்தில் வேலை செய்தவர்கள் கொடுத்த காசும் அதில் இருக்கிறது. என் பக்கத்து வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், அவர் மகள் அவர் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப் போகிறாள். அவளுக்குப் போக வேண்டிய இடத்தை எஸ்ஏடி 1510ஐக் காட்டி நானோ நீங்களோ கேட்க முடியுமா?

நீங்கள் ரட்கர்ஸில் அனுபவிப்பதும் இதே சலுகைதான். பார்க்கும் பக்கம்தான் வேறு.

சும்மாவந்தவன் · செப்டம்பர் 8, இரவு 10.44

எடிசன்வாசி, உங்கள் தெருப் பையன் என்ன மேஜர்?

எடிசன்வாசி · செப்டம்பர் 8, இரவு 10.52

பொலிடிக்கல் சயின்ஸ்.

சும்மாவந்தவன் · செப்டம்பர் 8, இரவு 10.53

👀

வைகைக்கரை · செப்டம்பர் 9, காலை 6.40

சும்மாவந்தவன் ஒரே கேள்வியில் பாதி விஷயத்தை முடித்துவிட்டார். இரண்டு பிள்ளைகளை இந்த வழியில் அனுப்பியவள் என்ற முறையில் மீதியை நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்.

எல்லாரும் "வெளிமாநிலம்" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். அது ஒரே மூட்டை இல்லை. வெளியாட்களைச் சட்டம் போட்டுத் தடுக்கும் மாநிலம் இருக்கிறது. வெளியாட்கள் வந்தால்தான் விளக்கு எரியும் என்கிற மாநிலமும் இருக்கிறது. டெக்சஸ், வட கரோலினா முதல் வகை. வெர்மான்ட், அலபாமா இரண்டாம் வகை. இரண்டிலும் மாணவர்களில் பாதிக்கு மேல் வெளிமாநிலத்தவர். 2008 பொருளாதாரச் சரிவில் மாநிலங்கள் உயர்கல்விப் பணத்தை வெட்டியபோது, முழுக் கட்டணம் கட்டுகிற வெளிமாநிலப் பிள்ளையைப் பல பல்கலைக்கழகங்கள் தேடிப் போயின. மிச்சிகனில் வெளியிலிருந்து இவ்வளவு பேர் இருப்பதற்கும் அந்தப் பணக் கணக்கு ஒரு காரணம். வர்ஜீனியா நடுவில்: மூன்றில் இரண்டு பங்கு உள்ளூர், ஒரு பங்கு வெளி.

கலிஃபோர்னியா கதை இதில் தனி. அங்கே முதலில் வெளியாட்களைச் சேர்த்தார்கள், பிறகு உள்ளூர்ப் பெற்றோர் கொதித்தார்கள். 2016இல் மாநிலத் தணிக்கையாளர், உள்ளூர்ப் பிள்ளைகளைவிடக் குறைந்த மதிப்பெண் உள்ள வெளியாட்களுக்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று அறிக்கை வைத்தார். 2017இல் வரம்பு வந்தது, 18 சதவீதம். அப்போதே அதைத் தாண்டியிருந்த பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ போன்றவற்றை இருந்த அளவிலேயே நிற்கச் சொன்னார்கள். 2021இல் மாநில பட்ஜெட் அந்த மூன்றையும் படிப்படியாக 18க்கு இறங்கச் சொல்லிப் பணமும் ஒதுக்கியது. இறங்கிக்கொண்டிருக்கும் படிக்கட்டில்தான் உங்கள் மகள் ஏறப் போகிறாள்.

இன்னொன்று, அங்கே எஸ்ஏடியைப் பார்க்கவே மாட்டார்கள். நீங்கள் அனுப்பினாலும் சேர்க்கைக்கு எடுத்துக்கொள்வதில்லை. 1510க்கு அங்கே மதிப்பு பூஜ்யம். ஜிபிஏவில் உள்ளூருக்குக் குறைந்தபட்சம் 3.0 என்றால் வெளியூருக்கு 3.4. எட்டுக் கேள்வியில் நான்குக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தைக்குள், பதில் எழுத வேண்டும். பெரியவனுக்கு அந்த நான்கை எழுதவே ஆறு வாரம் ஆனது, கோடையில் ஆரம்பித்திருக்கலாம் என்று இன்றும் சொல்வான்.

அப்புறம் மேஜர். உங்கள் பட்டியல் உண்மையில் மாட்டிக்கொள்ளும் இடுக்கு இதுதான். வாஷிங்டனில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நேரடியாக மேஜரிலேயே சேர்க்கிறார்கள். உள்மாநிலம், வெளிமாநிலம் இரண்டுக்கும் அனுமதி விகிதத்தைத் தனித்தனியாகவே அந்தத் துறை வெளியிடுகிறது. வெளிமாநிலம் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கிறது. பல்கலைக்கழகம் முழுவதற்குமான விகிதத்தைப் பார்த்து "அட, பரவாயில்லையே" என்று நினைத்துவிடாதீர்கள். இல்லினாயும் இதே மாதிரி. "வேறு மேஜரில் நுழைந்து உள்ளே போய் மாறிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அவர்கள் பத்து வருடத்துக்கு முந்தைய கதையைச் சொல்கிறார்கள்.

ஒரு சின்ன ஆறுதல். இந்த 18, 10 எல்லாம் வந்து சேர்பவர்களின் கணக்கு, அனுமதிக் கடிதத்தின் கணக்கு இல்லை. உள்ளூர்ப் பிள்ளை இடம் கிடைத்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடுகிறது. வெளியூர்ப் பிள்ளைக்குப் பத்து இடம் கையில் இருக்கும், கட்டணமும் இடிக்கும், அதனால் பாதிக்கு மேல் வராது. அது தெரிந்துதான் 810 இடத்துக்கு அதைவிடப் பல மடங்கு கடிதம் அனுப்புகிறார்கள். கதவு முத்து சொன்ன அளவுக்கு இடுக்கு இல்லை.

கரோலினா முத்து · செப்டம்பர் 9, காலை 8.02

ஒப்புக்கொள்கிறேன், அந்தக் கணக்கை நான் விட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை · செப்டம்பர் 9, இரவு 8.30

எல்லாரும் உள்ளே போவது பற்றியே பேசுகிறீர்கள். போன பிறகு பில் வருமே.

எடிசன்வாசி சார், "கட்டணமும் குறைவு" என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள், அந்த வரியை அழித்துவிடுங்கள். அரசுப் பல்கலை விலை குறைவு என்பது உள்ளூருக்கு மட்டும். ரட்கர்ஸில் நம் மாநிலத்தாருக்கு டியூஷனும் (கல்விக் கட்டணம்) இதர கட்டணமும் சேர்த்து இருபதாயிரம் டாலருக்குள். மிச்சிகனில் வெளிமாநில டியூஷன் மட்டுமே அறுபதாயிரத்தைத் தாண்டுகிறது, மூன்றாம் ஆண்டிலிருந்து இன்னும் ஏறும். நான்கு வருடத்துக்கு வித்தியாசம் குறைந்தது ஒரு லட்சத்து அறுபதாயிரம். இதில் விடுதி, சாப்பாடு, விமான டிக்கெட் சேர்க்கவில்லை. கலிஃபோர்னியாவில் வெளிமாநிலத்தவருக்கு என்று தனியாக ஒரு கூடுதல் தொகை உண்டு. 2024-25இல் அது மட்டுமே 34,200. இந்த வருடம் புதிதாகச் சேர்பவர்களுக்கு இன்னும் ஏற்றிவிட்டார்கள்.

உதவித்தொகையிலும் மாநிலம் பார்த்துத்தான் நடக்கும். மிச்சிகனின் பேர் போன டியூஷன் இலவசத் திட்டம் மிச்சிகன் குடும்பங்களுக்கு மட்டும். இந்த விஷயத்தில் சேப்பல் ஹில்லும் வர்ஜீனியாவும் விதிவிலக்கு, வெளிமாநிலப் பிள்ளைக்கும் குடும்பத் தேவையைக் கணக்கிட்டு முழுசாக ஈடுகட்டுகிறார்கள். ஆனால் "தேவை" என்ன என்பதை அவர்கள் கணக்கிடுவார்கள், நீங்கள் இல்லை. எடிசனில் இரண்டு ஐடி சம்பளம் என்றால் அந்தக் கணக்கில் பூஜ்யம் வர வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு பல்கலைக்கழகத் தளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும், உதவித்தொகை போக நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டி வரும் என்று அது காட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்கி எல்லாவற்றிலும் எண்ணைப் போட்டுப் பாருங்கள். எஸ்ஸேக்கு (விண்ணப்பக் கட்டுரை) முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் அதற்கும் இந்த வருடம் வேலி போட்டாயிற்று. 2026 ஜூலை 1 முதல், பெற்றோர் பெயரில் வாங்கும் பேரண்ட் பிளஸ் கடனுக்கு வருடத்துக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு. பிள்ளை பெயரில் மத்திய அரசுக் கடன் முதல் வருடம் 5,500, நான்கு வருடத்துக்கும் சேர்த்தால் 27,000. உங்கள் மகள் சேரும் அதே கோடையில் அமலுக்கு வருகிறது.

வைகைக்கரை · செப்டம்பர் 9, இரவு 9.48

கணக்குப்பிள்ளை சொன்னதற்கு எங்கள் வீட்டு அனுபவம் ஒன்று. பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம்.

சின்னவனுக்கு ஒரு பெரிய வெளிமாநிலப் பல்கலையில் இடம் கிடைத்தது. அன்றைக்கே ஸ்வெட்ஷர்ட் ஆர்டர் செய்துவிட்டான். மூன்று வாரம் கழித்து உதவித்தொகைக் கடிதம் வந்தது. மேலே கொட்டை எழுத்தில் மொத்த உதவி நாற்பத்தெட்டாயிரம் என்று இருந்தது. என் கணவர் அலுவலகத்திலிருந்தே போன் பண்ணி "கோயிலுக்குப் போய்விட்டு வா" என்றார். நான் சமையல் மேடையில் வைத்துப் பொறுமையாகப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஸ்காலர்ஷிப் இரண்டாயிரம். பிள்ளை பெயரில் கடன் ஐயாயிரத்து ஐந்நூறு. மீதி மொத்தமும் பேரண்ட் பிளஸ். எங்கள் தலையில் ஏறும் கடனுக்குப் பெயர் "உதவி"!

அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அவனாகவே வந்து உள்ளூர்ப் பல்கலைக்கு டெபாசிட் கட்டச் சொன்னான். அந்த ஸ்வெட்ஷர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் இப்போதும் புல் வெட்டுகிறான்.

எடிசன்வாசி · செப்டம்பர் 9, இரவு 10.15

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கால்குலேட்டர் வேலை.

சும்மாவந்தவன் · செப்டம்பர் 10, காலை 9.10

ஒரு யோசனை. நம் ஊரில் விலாசத்தை மாற்றி நல்ல பள்ளியில் சேர்க்க மாட்டார்களா? மிச்சிகனில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து, லைசென்ஸ் மாற்றி, ஒரு வருடம் ஓட்டினால் இரண்டாம் ஆண்டிலிருந்து உள்ளூர்க் கட்டணம்தானே? நண்பரின் நண்பர் செய்ததாகக் கேள்வி.

கணக்குப்பிள்ளை · செப்டம்பர் 10, மதியம் 1.20

நண்பரின் நண்பர் எல்லா ஊரிலும் இருக்கிறார், அவருக்குச் சலுகை கிடைத்த பில்லை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

பெற்றோரைச் சார்ந்த பிள்ளைக்குப் பெற்றோரின் இருப்பிடம்தான் இருப்பிடம். படிப்பதற்காக வந்து தங்கிய காலத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. வாடகை ரசீது, லைசென்ஸ், வாக்காளர் பதிவு எல்லாம் துணைச் சான்றுகள்தான். கலிஃபோர்னியாவில் பெற்றோர் வெளியே இருந்தால், பிள்ளை தன் காலில் தானே நிற்பதாகப் பணக் கணக்கு காட்ட வேண்டும். பதினெட்டு வயதில் எந்தப் பிள்ளை காட்டும்?

இது நீதிமன்றம் வரை போய் ஓய்ந்த விஷயம். மினசோட்டாவின் ஒரு வருடக் காத்திருப்பு விதி செல்லும் என்று 1971இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கனெக்டிகட்டில் விண்ணப்பிக்கும்போது வெளியாள் என்றால் படிப்பு முடியும் வரை வெளியாள்தான் என்று ஒரு சட்டம் இருந்தது. அதை 1973இல் விலாண்டிஸ் வழக்கில் அடித்துவிட்டார்கள், மாறிவிட்டேன் என்று நிரூபிக்க மாணவருக்கு வாய்ப்பாவது தர வேண்டும் என்று. ஆனால் நிஜமாகவே குடியேறியவரா என்று சோதிக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது. குடும்பமே இடம் பெயர்ந்தால் ஒழிய இதில் நேரம் செலவிடாதீர்கள். பொய்ச் சான்று கொடுத்து மாட்டினால் கட்டணப் பாக்கியோடு போகாது, ஒழுங்கு நடவடிக்கையும் வரும்.

புதுவரவு · செப்டம்பர் 10, இரவு 7.30

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நாங்கள் எச்-1பி வேலை விசா, மகன் எங்களைச் சார்ந்த எச்-4 விசா. மூன்று வயதில் வந்தான், இப்போது பதினாறு. கிரீன் கார்டு வரிசை நகரவில்லை. அவன் உள்ளூரா, வெளிமாநிலமா, வெளிநாடா?

வைகைக்கரை · செப்டம்பர் 10, இரவு 8.55

அம்மா ஆகட்டும், அப்பா ஆகட்டும், இந்தக் கேள்வி கேட்காத எச்-4 வீடு இல்லை. எச்-4இல் இருப்பவர் அங்கேயே குடியிருப்பவராகக் கருதப்படலாம் என்று பல மாநிலங்கள் ஒப்புக்கொள்கின்றன. கலிஃபோர்னியாப் பல்கலையும் அப்படித்தான். ஆகவே உங்கள் மாநிலத்தில் உள்ளூர்க் கட்டணம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. மத்திய அரசு உதவியும் கடனும் மட்டும் கிடைக்காது.

இதில் சிக்கல் 21ஆம் வயதில். அன்றோடு எச்-4 போய்விடும், பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வரும். எஃப்-1 என்றால் குடியிருப்பு உரிமையைப் பல மாநிலங்கள் ஏற்பதில்லை. மூன்றாம் ஆண்டு நடுவில் கட்டணம் இரட்டிப்பானால் என்ன செய்வது? அதனால் விண்ணப்பிக்கும் முன்பே அட்மிஷன் அலுவலகத்தை விட்டுவிட்டு, ரெசிடென்சி முடிவு செய்யும் அலுவலகத்துக்கு மெயில் போட்டு, "21இல் விசா மாறினால் என் கட்டண நிலை என்ன" என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னால் ஏற்காதீர்கள்.

தனி இழை தொடங்குங்கள், இது பெரிய விஷயம்.

ஆஸ்டின் அக்கா · செப்டம்பர் 11, காலை 7.00

தம்பிக்கு நல்ல செய்தியும் கொஞ்சம் சொல்ல வேண்டாமா? வெளிமாநிலத்தவருக்கு விலை குறைக்கும் வழிகள் சட்டப்படியே இருக்கின்றன.

மேற்கு மாநிலங்கள் ஒன்று கூடி நடத்தும் திட்டம் ஒன்று உண்டு. அதில் உள்ள மாநிலத்துப் பிள்ளைக்குப் பக்கத்து மாநிலப் பல்கலைகளில் உள்ளூர்க் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்க மாட்டார்கள். தெற்கு, மத்திய மேற்கு, நியூ இங்கிலாந்து, ஒவ்வொன்றுக்கும் இதுபோல் உண்டு. வேடிக்கை என்னவென்றால் நியூ ஜெர்சி இதில் ஒன்றிலும் இல்லை. ஆகவே இதை மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

டெக்சஸில் அரசுப் பல்கலை ஒன்று போட்டி அடிப்படையில் வருடத்துக்கு ஆயிரம் டாலராவது ஸ்காலர்ஷிப் கொடுத்தால், அந்த வெளிமாநில மாணவருக்கு உள்ளூர்க் கட்டணத்தையே போடலாம். எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ஆஸ்டினில் எதிர்பார்க்காதீர்கள். டாலஸ் பக்கத்தில் விசாரியுங்கள். அலபாமாவில் ஜிபிஏவும் எஸ்ஏடியும் இவ்வளவு என்றால் ஸ்காலர்ஷிப் இவ்வளவு என்று அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார்கள். 1510க்கு அங்கே நல்ல மரியாதை. இந்தியானாவின் பர்டூ பல்கலை 2013இலிருந்து டியூஷனை ஏற்றவே இல்லை, வெளிமாநிலத்துக்கு 28,794. கம்ப்யூட்டர் சயின்ஸில் அங்கேயும் போட்டி கடுமைதான், ஆனால் கிடைத்தால் மிச்சிகனில் பாதி விலை.

ஃபிளாரிடாவில் இன்னொரு கூத்து. தாத்தாவோ பாட்டியோ அங்கே குடியிருந்தால், எஸ்ஏடியில் நல்ல இடத்தில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு வெளிமாநிலக் கூடுதலைத் தள்ளுபடி செய்கிறார்கள். மாநிலம் முழுவதற்கும் 350 பேர்.

சும்மாவந்தவன் · செப்டம்பர் 11, காலை 7.22

பாட்டியை மயாமிக்கு அனுப்ப வேண்டியதுதான்.

எடிசன்வாசி · செப்டம்பர் 14, இரவு 10.40

கால்குலேட்டர் வேலை முடிந்தது. கணக்குப்பிள்ளை சார் சொன்னது சரி, சேப்பல் ஹில்லிலும் வர்ஜீனியாவிலும் எங்களுக்கு வந்த உதவி பூஜ்யம். நாங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசி வருடத்துக்கு 45,000 என்று ஒரு கோடு போட்டோம். அதற்கு மேலே போனால் அவள் தங்கைக்கு ஒன்றும் மிஞ்சாது. மகள் இதைக் கேட்டு அழுவாள் என்று பயந்தேன். "முதலிலேயே சொல்லியிருந்தால் யூசிஎல்ஏ எஸ்ஸேயை எழுதியிருக்க மாட்டேனே" என்றாள், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் அவளே கண்டுபிடித்தாள். காமன் டேட்டா செட் என்று ஒவ்வொரு பல்கலையும் வெளியிடும் ஆவணத்தில் சி7 என்று ஓர் அட்டவணை. சேர்க்கைக்கு எதெல்லாம் எவ்வளவு முக்கியம் என்று கட்டத்தில் குறி போட்டிருப்பார்கள். அதில் மாநிலக் குடியிருப்பு என்று ஒரு வரி. சில இடத்தில் "மிக முக்கியம்", சில இடத்தில் "பார்ப்பதில்லை". பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் திறந்து ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். என் பட்டியலைவிட அது எவ்வளவோ மேல்.

வைகைக்கரை · செப்டம்பர் 14, இரவு 11.10

கெட்டிக்காரி. இனி தேதிகளைப் பாருங்கள். ஏர்லி ஆக்‌ஷன் என்றால் முன்கூட்டியே விண்ணப்பித்து முன்கூட்டியே பதில் வாங்குவது, கிடைத்தாலும் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. சேப்பல் ஹில் ஏர்லி ஆக்‌ஷன் அக்டோபர் 15. ஜார்ஜியா டெக்கில் ஏர்லி ஆக்‌ஷனே இரண்டு: முதலாவது ஜார்ஜியா பிள்ளைகளுக்கு, இரண்டாவது மற்றவர்களுக்கு. தவறி முதல் தேதியைக் குறித்துக்கொண்டு பதறாதீர்கள். மிச்சிகன் இந்த வருடம் ஏர்லி டெசிஷனும் கொண்டுவந்திருக்கிறது. கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் அது. 45,000 கோடு போட்ட வீட்டுக்கு அது ஆகாது, ஏர்லி ஆக்‌ஷன் போதும்.

எடிசன்வாசி · டிசம்பர் 3, இரவு 9.30

கேட்ட அனைவருக்கும் பதில். எல்லாம் அனுப்பியாயிற்று.

கடைசிப் பட்டியல்: ரட்கர்ஸ், பர்டூ, அலபாமா, டெக்சஸ் டாலஸ், மேரிலாந்து, ஜார்ஜியா டெக், இல்லினாய். கலிஃபோர்னியா இரண்டும் போய்விட்டன. ஆஸ்டின், வாஷிங்டன், வர்ஜீனியா, சேப்பல் ஹில் போய்விட்டன. மிச்சிகனை எடுப்பதற்கு மட்டும் எனக்கு ஒரு வாரம் ஆனது, அவளுக்கு ஒரு நிமிடம்.

இல்லினாயில் கம்ப்யூட்டர் சயின்ஸோடு மொழியியல் சேர்ந்த மேஜர் ஒன்று இருப்பதை நாங்கள் தேடியபோது பார்த்தோம். வாசல் சுலபம் என்று அதைப் போடவில்லை. அவள் அம்மாச்சியோடு தமிழில் பேசும்போது தங்கை மட்டும் ஏன் ழகரத்தைத் தவறவிடுகிறாள் என்று பதிவு செய்து பார்த்திருக்கிறாளாம், எங்களுக்கே தெரியாது. எஸ்ஸே அதைப் பற்றித்தான். ரோபாட்டிக்ஸைப் பற்றி ஒரு வரிதான் வந்தது.

கவுன்சலர் புதுப் பட்டியலைப் பார்த்து இந்த முறை மூன்று கோடு கிழித்தார்.

சும்மாவந்தவன் · டிசம்பர் 3, இரவு 9.34

எல்லாம் சரி, பாட்டி விஷயம் என்ன ஆச்சு?

எடிசன்வாசி · டிசம்பர் 3, இரவு 9.41

கேட்டேன். ஆறு மாத விசாவில் வந்திருக்கும் தன்னை ஏன் முதலைகள் இருக்கும் ஊருக்கு அனுப்பப் பார்க்கிறாய் என்கிறார்.